கொடியின் பின்னே ஜப்பான்

குழுச் சுற்றுலாவில் வெளிநாடு போய் வந்தேன் என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். வழிகாட்டி ஒருவர் சின்னக் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, ஒரே நிறத் தொப்பி அணிந்த இருபது பேர் பின்னே ஓட, ஒவ்வோரிடத்திலும் முக்கால் மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொண்டு மறுபடி பேருந்தில் ஏறுவதில் என்ன பண்பாட்டைக் கண்டுவிட முடியும் என்பது அவர்களுடைய கேள்வி. மற்ற நாடுகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. ஜப்பானைப் பற்றிக் கேட்டால் மட்டும் எதிர்வாதம் செய்யத் தோன்றுகிறது. ஏனென்றால், வழிகாட்டியோடு கூட்டமாகப் போவது அந்த நாட்டில் அயலார் கொண்டுவந்து இறக்கிய பழக்கம் அன்று; ஜப்பானியர்களே சில நூற்றாண்டுகளாகத் தம் நாட்டை அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறார்கள்.

நான் போனது சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு குழுவுடன். பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். வங்கியில் இருந்தவர்கள், ஆசிரியர்கள், மருத்துவர் தம்பதியர், பிள்ளைகளெல்லாம் அமெரிக்காவில் இருப்பதால் ஆண்டுக்கொரு நாடு என்று வைத்துக்கொண்ட ஒரு மாமாவும் மாமியும், பிறகு நானும் என் நாத்தனாரும். டோக்கியோவில் தொடங்கி, இசே, நாரா, கியோட்டோ வழியாகக் கோயா மலைக்கு ஏறி, ஓசாகாவில் முடிகிற பாதை. அறைகளையும் சாப்பாட்டையும் கவனிக்கச் சென்னை நிறுவனத்தின் மேலாளர் கூடவே வந்தார். ஊரையும் வரலாற்றையும் சொல்வதற்கு ஜப்பானிய வழிகாட்டி அம்மையார் ஒருவர் டோக்கியோவில் சேர்ந்துகொண்டார். அங்கே வழிகாட்டி என்பது நெடுங்காலம் தேர்வெழுதிப் பெறுகிற தகுதியாக இருந்தது. 1949-இல் வந்த சட்டப்படி, அயல்மொழியிலும் ஜப்பானின் வரலாற்றிலும் புவியியலிலும் தேர்ச்சி பெற்றவர்தான் ஊதியம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டாருக்கு வழிகாட்டலாம் என்றிருந்தது. 2018 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டு, இப்போது தேர்வெழுதாதவர்களும் அந்தத் தொழிலைச் செய்யலாம். எங்களுக்கு வாய்த்தவர் தேர்வெழுதியவர். யாராவது கேட்ட கேள்விக்கு உடனே விடை தெரியாவிட்டால் கதை கட்டாமல், இரவு படித்துவிட்டு வந்து, மறுநாள் காலை பேருந்தில் மைக்கைப் பிடித்து, கேட்டவரின் பெயரைச் சொல்லி விடையளிக்கிற வழக்கம் அவருக்கு இருந்தது.

டோக்கியோவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அசாகுசாவின் சென்சோஜி கோயிலில் கூட்டம் தள்ளிய வேகத்தில் உள்ளே போய், அதே வேகத்தில் வெளியே வந்தோம். மெய்ஜி ஆலயத்தைச் சுற்றியிருக்கும் காடு மட்டும் மனத்தில் நின்றது. 1920-இல் ஆலயம் எழுந்தபோது நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் கொடுத்த ஏறத்தாழ ஒரு இலட்சம் மரங்களை நட்டு வளர்த்த காடு அது. ஃபூஜி மலை அன்று முழுவதும் மேகத்துக்குள்ளேயே இருந்துவிட்டது. அதைப் பார்ப்பதற்கென்றே பணம் கட்டி வந்ததாக மேலாளரிடம் முறையிட்டவர்களும் எங்கள் பேருந்தில் இருந்தார்கள்.

ஷின்கான்சென் என்ற அதிவேக இரயிலில் ஏறிய விதத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நாங்கள் ஏறியது ஷின்-யோகஹாமாவில். அங்கே வண்டி நிற்பது ஒரு நிமிடம் போல. வழிகாட்டி முந்தின நாளே எங்கள் பெட்டிகளையெல்லாம் ஹோட்டல் வரவேற்பிலிருந்து கூரியர் வழியாகக் கியோட்டோவுக்கு அனுப்பிவிட்டு, ஆளுக்கொரு தோள்பையோடுதான் வரவேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். வீட்டு வாசலில் பெட்டியை வாங்கி மறுநாள் சேரவேண்டிய ஊரில் ஒப்படைக்கும் இந்த 'தக்யூபின்' சேவையை 1976-இல் யமாட்டோ நிறுவனம் தொடங்கியதாம். இன்று அது இல்லாமல் அந்நாட்டில் யாரும் நெடுந்தூரம் பெட்டி தூக்கிப் போவதாகத் தெரியவில்லை. நடைமேடையின் தரையில் எந்தப் பெட்டியின் கதவு எங்கே வந்து நிற்கும் என்று எழுதியிருக்கிறது. அம்மையார் எங்களை அந்தக் கோட்டின் மேல் இரண்டிரண்டு பேராக நிறுத்தி, இருக்கை எண்ணின் வரிசைப்படி, சன்னலோரத்தில் அமர்பவர் முதலில் என்று மாற்றி, முழங்கால் வலிக்காரர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, ஒத்திகையே நடத்தினார். வண்டி வந்தது, கதவு சரியாகக் கோட்டுக்கு நேரே திறந்தது, கடைசி ஆள் உள்ளே வந்து மூச்சு விடுவதற்குள் யோகஹாமா பின்னால் போய்க்கொண்டிருந்தது. சென்னை சென்ட்ரலில் ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றும் பதறுகிற எங்களுக்கு இது பெரிய வியப்பு.

நாகோயாவில் இறங்கி, பேருந்தில் இசே. இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஊர் இதுதான் என்றாலும், பார்ப்பதற்கு இங்கே ஒன்றுமே இல்லை என்று குழுவில் பாதிப் பேர் சலித்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. உஜி பாலத்தைக் கடந்து, கூழாங்கல் பரப்பிய அகலமான பாதையில் பெரிய பெரிய சீடர் மரங்களுக்கிடையே நெடுந்தூரம் நடந்து, சூரிய தேவதையான அமதெராசுவின் உள் ஆலயத்துக்கு வந்தால், படிக்கட்டுக்கு மேல் படம் எடுக்கக் கூடாது. உள்ளேயும் போக முடியாது. வேலிக்கு மேலே தெரிகிற புல்வேய்ந்த கூரையின் நுனியும், அதில் பொருத்திய மரக்கட்டைகளும்தான் காட்சி. இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் அந்த ஆலயத்துக்குப் பக்கத்தில் அதே அளவில் ஒரு வெற்று மனை, வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, நடுவே சின்ன மரக்குடில் ஒன்றோடு கிடந்தது. இருபது ஆண்டுக்கு ஒருமுறை ஆலயத்தை அந்தப் பக்கத்து மனையில் புதிதாக, அச்சு மாறாமல், மரத்தாலேயே கட்டித் தெய்வத்தை இடம் மாற்றுகிறார்கள். பிறகு பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். முதல் மாற்றம் 690-இல் ஜிடோ பேரரசியின் காலத்தில் நடந்தது. இடையில் உள்நாட்டுப் போர்களால் நூறாண்டுக்கு மேல் தடைப்பட்டாலும், பிறகு தொடர்ந்து, 62-ஆவது முறையாக 2013-இல் முடிந்தது. அடுத்தது 2033-இல், அதற்கான மரம் வெட்டும் சடங்குகள் 2025-இலேயே தொடங்கிவிட்டன. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், "கல்லுல கட்டியிருந்தா இந்தச் செலவே இல்லையே மேடம்?" என்று கேட்டார். நம் ஊர்க் கோயில்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் எழக்கூடிய கேள்விதான். அம்மையார் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாமல் கணக்குச் சொன்னார்: இருபது வயதில் எடுபிடியாக வேலை பார்க்கிற தச்சர் நாற்பதில் பொறுப்பேற்றுக் கட்டுவார், அறுபதில் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுப்பார், இருபதாண்டு என்ற இடைவெளி கைவேலையை ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்ததற்கு மாற்றப் போதுமானது. நாங்கள் நடந்து வந்த உஜி பாலத்தின் இரு முனைகளிலும் நிற்கும் மரத் தோரண வாயில்கள்கூடப் பழைய ஆலயங்களின் முகட்டைத் தாங்கிய தூண்களிலிருந்து செய்தவை என்றும், இன்னும் இருபதாண்டு இங்கே நின்றபின் அவை வேறு ஊர் ஆலய வாயில்களுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். திரும்பும் வழியில் அந்த சார் வாயில் தூணைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஐந்து நிமிடம் தாமதமானது. அந்தத் தாமதத்தை யாரும் குறை சொல்லவில்லை.

குழுச் சுற்றுலாவின் வரலாறும் இந்த இசேயில்தான் கிடக்கிறது. ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (1603–1868) சாதாரணக் குடியானவன் ஊரை விட்டு நகர அனுமதி எளிதில் கிடைக்காது; ஆனால் இசே யாத்திரை என்றால் பெரும்பாலும் கிடைக்கும். வழிச்செலவுக்குப் பணம் வேண்டுமே? கிராமத்தில் 'கோ' என்ற சங்கம் வைத்து எல்லோரும் சிறுகச் சிறுகப் பணம் போட்டு, குலுக்கலில் பெயர் விழுந்தவர்களை ஊர் சார்பாக அனுப்புவார்கள். நம் ஊர்க் குலுக்கல் சீட்டேதான். பணத்தை எடுப்பதற்குப் பதிலாகப் புண்ணியத்தை எடுக்கிறார்கள், அவ்வளவே. போனவர் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் தாயத்தும் பரிசுப் பொருளும் வாங்கி வர வேண்டும். ஜப்பானியர் எந்த ஊருக்குப் போனாலும் அலுவலகம் முழுவதற்கும் இனிப்புப் பெட்டி வாங்கிவருகிற பழக்கத்துக்கு இதைத்தான் ஒரு வேராகச் சொல்கிறார்கள்.

இந்த யாத்திரிகர்களை நடத்திச் சென்றவர்கள் 'ஒன்ஷி' எனப்பட்ட இசே ஆலயத்துப் பூசகர்கள். அவரவருக்கென்று கிராமங்கள் உண்டு. ஆண்டுதோறும் ஆள் அனுப்பித் தாயத்தும் பஞ்சாங்கமும் விநியோகித்து, அந்த ஊர்க்காரர்கள் இசேக்கு வந்தால் தம் வீட்டிலேயே தங்கவைத்து, அவர்கள் வாழ்நாளில் காணாத விருந்து போட்டு, அவர்களுக்காகப் புனித நடனம் நிகழ்த்தி, ஆலயங்களைச் சுற்றிக்காட்டி அனுப்புவார்கள். தங்குமிடம், உணவு, தரிசனம், கேளிக்கை எல்லாம் ஒரே கட்டணத்தில். இன்றைய சுற்றுலா நிறுவனம் இதற்கு மேல் எதைக் கண்டுபிடித்துவிட்டது? 1830-இல் எழுந்த யாத்திரை அலையில் சில மாதங்களுக்குள் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இசேக்கு வந்ததாகக் கணக்கு; அன்றைக்கு நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 3 கோடிதான். ஒன்ஷி முறையை எடோ ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1871-இல் ஒழித்தது. ஆனால் பழக்கம் ஒழியவில்லை. 1905-இல் ஷிகா மாநிலத்தின் குசாட்சுவில் மினாமி ஷின்சுகே என்பவர் இரயிலில் இடம் பிடித்து ஒரு கூட்டத்தைக் கோயா மலைக்கும் இன்னொரு கூட்டத்தை இசேக்கும் அழைத்துச் சென்றார். நிப்பான் டிராவல் ஏஜென்சி என்ற பெரிய நிறுவனம் அப்படித்தான் பிறந்தது. பேருந்தில் பெண் வழிகாட்டிகளை அமர்த்தும் வழக்கம் 1928-இல் பெப்பு என்ற வெந்நீரூற்று ஊரில் தொடங்கியது. அந்தப் பெண்கள் ஊர்ப் பெருமையை ஏழும் ஐந்துமாக அசை அளந்த செய்யுளில் பாடியே சொல்வார்களாம். எங்கள் அம்மையார் மைக்கில் ஒரு பழைய பாட்டைப் பாடிக்காட்டியதும் மாமி பதிலுக்கு ஒரு கீர்த்தனை பாடினார், பேருந்து ஓட்டுநர் உட்பட அனைவரும் கைதட்டினோம்.

ஆலயத்துக்கு வெளியே உள்ள கடைத்தெருவில் 1707 முதல் விற்கும் அகஃபுகு என்ற இனிப்பு கிடைக்கிறது. அரிசிமாவுக் கொழுக்கட்டையின் மேல் சிவப்புப் பயற்று விழுதை மூன்று விரல் தடம் பதியும்படி பூசியிருப்பார்கள். சைவர்கள் தயங்காமல் சாப்பிடலாம்.

நாராவில் பெரிய புத்தரைக் காட்டிலும் முதலில் கண்ணில் பட்டவை பள்ளிக்கூடக் கூட்டங்கள். மஞ்சள் தொப்பி போட்ட பிள்ளைகள், கொடி பிடித்த வழிகாட்டி, பின்னால் ஆசிரியர், மான்களுக்குப் பிஸ்கட் வாங்க ஐந்து நிமிடம், பிறகு கோயில். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டமாக நெடும்பயணம் அழைத்துப் போகும் வழக்கத்தை 1886-இல் டோக்கியோ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிவைத்தது. இன்றும் பள்ளிக் கூட்டங்கள் மிகுதியாகப் போகிற ஊர்களில் கியோட்டோவும் நாராவும் உண்டு. தோதாய்ஜி கோயிலில் ஒரு தூணின் அடியில் புத்தரின் மூக்குத்துளை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அதற்குள் நுழைந்து வெளிவந்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் புத்தர் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். 752-இல் அவருக்குக் கண் திறப்புச் சடங்கு நடந்தபோது தூரிகையைப் பிடித்துக் கண்ணுக்கு மை தீட்டியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. சீனா வழியாக 736-இல் ஜப்பானுக்கு வந்தவர். அவரை ஜப்பானியப் பழைய ஆவணங்கள் 'தென் தென்ஜிகு', அதாவது தென்னிந்தியா, தந்த பிராமணத் துறவி என்றே குறிக்கின்றன. தூரிகையில் கட்டிய நீண்ட நூலின் மறுமுனையைக் கூடியிருந்தோர் பற்றிக்கொண்டு, கண் திறந்த புண்ணியத்தில் தாமும் பங்கு பெற்றார்கள். அந்தத் தூரிகையும் நீல நூலும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. வழிகாட்டி இதைச் சொல்லி முடித்ததும் எங்கள் குழுவில் ஒரு பரபரப்பு. அவருடைய சமாதி நாராவின் மேற்கே ரியோசென்ஜி கோயிலில் இருக்கிறது, போகலாமா என்று கேட்டோம். நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று மேலாளர் கைவிரித்துவிட்டார். ஆனால் அன்று மாலை வரிவிலக்குக் கடை ஒன்றில் ஒன்றரை மணி நேரம் நிறுத்தப்பட்டோம்; அது மட்டும் நிரலில் இருந்தது. குழுச் சுற்றுலாவை இகழ்கிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டினால் நான் வாயடைத்துத்தான் நிற்க வேண்டும்.

கியோட்டோ 794 முதல் 1868 வரை தலைநகரமாக இருந்த ஊர். அதை ஒன்றரை நாளில் முடிப்பது என்பது அபத்தம். கின்காகுஜியின் பொன் மண்டபத்தை ஆயிரம் கைப்பேசிகளுக்கு இடையே பார்த்தோம். 1950-இல் எரிந்து 1955-இல் மறுபடி எழுந்தது என்று அம்மையார் சொன்னது பலர் காதில் விழுந்திருக்காது. கியோன் தெருவில் அவர் கண்டிப்பாக இருந்தார். கெய்ஷா எனப்படும் கலைப்பெண்களைத் துரத்திப் படமெடுக்கும் பயணிகளின் தொல்லை தாங்காமல் 2024-இல் அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையத் தடை விதித்து, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள். எங்களை அந்தப் பலகையின் முன் நிறுத்திப் படிக்கவைத்துவிட்டு, பெரிய தெருவோடு திருப்பி அழைத்து வந்துவிட்டார். தனியாகப் போயிருந்தால் எங்களில் சிலர் நிச்சயம் உள்ளே நுழைந்திருப்பார்கள்.

சன்ஜூசன்கெந்தோ என்ற கோயிலில் யாரும் அவசரப்படவில்லை. 120 மீட்டர் நீள மர மண்டபத்துக்குள் ஆயிரத்தொரு கன்னோன் சிலைகள், தங்கப் பூச்சோடு, வரிசை வரிசையாக நிற்கின்றன. இப்போதுள்ள மண்டபம் 1266-இல் கட்டியது. கன்னோன் என்பவர் நம் அவலோகிதேசுவரர். அவர்களுக்குக் காவலாக முன்வரிசையில் நிற்கும் இருபத்தெட்டுத் தேவர்களில் இந்திரன், பிரமன், நாராயணன், புல்லாங்குழல் ஊதுகிற பறவை முகக் கருடன், எலும்பும் தோலுமாகக் கோலூன்றி நிற்கும் வசு முனிவர் எல்லாரும் உண்டு. வழிகாட்டி ஒவ்வொருவரையும் காட்டி, "இவர் உங்கள் ஊர்க்காரர்" என்று சொல்லிக்கொண்டே போனார். மாமி கருடனுக்கு முன்னால் நின்று சேவித்துவிட்டு, "இவருக்கு ஏன் குழல்?" என்று கேட்டதற்கு மறுநாள் காலை பேருந்தில் விடை வந்தது: நாகத்தை விழுங்குகிற கருடன் பௌத்தத்துக்கு வந்தபின் தர்மத்தைக் காக்கும் எண்வகைக் கணங்களில் ஒருவராகிவிட்டார், சிற்பியர் அவருக்கு இசைக்கருவி கொடுப்பது உண்டு என்று. மாமிக்கு அது முழு நிறைவு தரவில்லை.

தேநீர்ச் சடங்கைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த ஐயம் இருந்தது. சென் நோ ரிக்யூ என்ற ஆசான் (1522–1591) வகுத்த முறையில் அது இரண்டு தாதாமிப் பாய் விரித்த சிற்றறையில், வாளை வெளியே வைத்துவிட்டுக் குனிந்து தவழ்ந்து நுழைகிற சின்ன வாயிலோடு, மூன்று நான்கு பேருக்காக நடப்பது. அவரே அமைத்ததாகச் சொல்லப்படும் தாயான் என்ற அறை கியோட்டோவுக்கு வெளியே யமசாக்கியில் இன்றும் இருக்கிறது. இருபது பேர் கூட்டத்துக்கு, அதிலும் தரையில் முழங்காலை மடக்கி உட்கார முடியாதவர்களுக்கு, அதை நாற்காலி போட்டு நடத்தினால் அது காட்சிப் பொருளாகிவிடாதா? அங்கே போனதும் நாற்காலியும் மேசையும்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அந்த நாற்காலி முறைக்கே வயது நூற்றைம்பதுக்கு மேல். 1872-இல் கியோட்டோவில் நடந்த கண்காட்சிக்கு அயல்நாட்டார் வருவார்கள் என்பதற்காக, உராசென்கே என்ற தேநீர் மரபின் பதினோராம் தலைமுறை ஆசான் கென்கென்சாய் மேசையில் தேநீர் கலக்கும் முறையை வகுத்தார். இன்று ஜப்பானியர்களும் அப்படிச் செய்கிறார்கள். விருந்தினருக்காக மாற்றிக்கொள்வது மரபை மலிவாக்குவது என்ற என் எண்ணத்தை அந்த ஒரு செய்தி கலைத்தது.

நடத்தியவர் எழுபதைத் தாண்டிய மூதாட்டி. இடுப்பிலிருந்து பட்டுத் துணியை எடுத்து, மூலையோடு மூலை சேர்த்து முக்கோணமாக்கி, மூன்றாக மடித்து, தேயிலைத்தூள் சிமிழின் மூடியைத் துடைத்தார். அது ஏற்கெனவே தூசு இல்லாத மூடி. மூங்கில் கரண்டியால் பச்சைத் தூளை இரண்டு முறை எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, ஒரே மூங்கில் துண்டைக் கீறிச் செய்த கடைகோலால் மணிக்கட்டு மட்டும் அசையக் கலக்கினார். நாங்கள் முதலில் இனிப்பைத் தின்று முடித்துவிட வேண்டும்; பிறகுதான் கிண்ணம் வரும். கிண்ணத்தின் அழகான முகத்தில் வாய் வைக்கலாகாது என்பதற்காக அதை இரண்டு முறை சுற்றித் திருப்பிக் குடிக்க வேண்டும். காப்பிக்குப் பழகிய நாக்குக்கு மாட்சா என்ற அந்தப் பச்சைத் தேநீரின் கசப்பு பிடிக்காமல் ஒருவர் பாதியில் வைத்துவிட்டார். மூதாட்டி அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தவருக்குக் கலக்கும்போது தூளைக் கொஞ்சம் குறைத்துப் போட்டார்.

சாப்பாடு தனிக் கதை. ஜப்பானில் மீனைக் கண்ணால் காணாமலே மீன் சாப்பிட்டுவிடலாம். உலர்த்திய சூரையைச் சீவிக் கொதிக்கவைத்த 'தாஷி' என்ற சாறுதான் அவர்கள் சமையலின் அடித்தளம். மிசோ சூப்பிலும், நூடுல்ஸ் குழம்பிலும், கீரைக்கூட்டிலும் அது இருக்கும். சைவம் என்று சொன்னால் இறைச்சி இல்லை என்று தலையாட்டுவார்கள். இதற்கு அஞ்சி நம் நிறுவனம் ஒவ்வோர் இரவும் இந்திய உணவகத்திலேயே ஏற்பாடு செய்துவிட்டது. கியோட்டோவில் உட்கார்ந்துகொண்டு பனீர் பட்டர் மசாலா தின்றதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. இத்தனைக்கும், புத்த மடங்களில் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வரும் 'ஷோஜின்' உணவு முழுச் சைவம். கடற்பாசியிலும் உலர்ந்த ஷீட்டாகே காளானிலும் சாறெடுத்துச் செய்வது. அதை விசாரித்து ஏற்பாடு செய்ய மேலாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

அந்த உணவை நாங்கள் கண்டது கோயா மலையில்தான். ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், 816-இல் கூக்காய் என்ற துறவி தொடங்கிய மடங்களின் ஊர் அது. அவர் சீனாவின் சாங்கான் நகரில் ஹுய்குவோ என்ற ஆசானிடம் மந்திர மரபு பௌத்தமும், பிரஜ்ஞா என்ற இந்தியத் துறவியிடம் வடமொழியும் கற்று வந்தவர். 835-இல் அவர் இறக்கவில்லை, சமாதியில் அமர்ந்திருக்கிறார் என்பது நம்பிக்கை. அதனால் இன்றும் நாள்தோறும் இருவேளை அவருக்கு உணவு சமைத்துத் துறவிகள் பெட்டியில் வைத்துச் சுமந்து செல்கிறார்கள். பெண்கள் இந்த மலைக்குள் நுழைய மெய்ஜி காலம் வரை தடை இருந்தது. எல்லையில் அவர்கள் தங்கி வழிபட்ட 'நியோனின்தோ' என்ற மண்டபம் ஒன்று இன்னும் நிற்கிறது. அதைப் பேருந்தின் சன்னல் வழியே காட்டியபோது நானும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தங்கியது ஒரு மடத்திலேயே. தாதாமி அறை, காகிதக் கதவு, பொதுக் குளியலறை என்றதும் முணுமுணுப்பு எழுந்தது. இரவு உணவு வந்ததும் அடங்கியது. சிவப்பு அரக்குத் தட்டில் எள்ளை அரைத்துக் கிளறிய தோஃபு, பனியில் உறையவைத்துக் காயவைத்த கோயா தோஃபு, காய்கறி பஜ்ஜி, ஊறுகாய், சோறு. அதிகாலையில் பூசை மண்டபத்தில் தீ வளர்த்தார்கள். துறவி மேடையில் அமர்ந்து, சமித்துக் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, நீண்ட கரண்டியால் எண்ணெய் விட்டு, கைமுத்திரைகள் காட்டி, வேண்டுதல் எழுதிய குச்சிகளைத் தீயில் இட்டார். முரசு அதிர்ந்தது. எதிரே அசலநாதராகிய ஃபூதோ என்ற தெய்வம், வாளும் பாசக்கயிறுமாக. அவர்கள் இதை 'கோமா' என்கிறார்கள். எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டில் கணபதி ஹோமம் செய்து பழகியவர்கள், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே ஊகித்துக்கொண்டிருந்தார்கள், பாதிக்கு மேல் சரியாகவே.

பிறகு ஒகுனோயின் இடுகாட்டு வழி, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். பதினாறாம் நூற்றாண்டுப் படைத்தலைவர் ஓடா நொபுனாகாவுடையது முதல், இறந்த ஊழியர்களுக்காகப் பெரு நிறுவனங்கள் வைத்தவை வரை. கரையான் ஒழிப்புத் தொழில் செய்வோர் தாம் கொன்ற கரையான்களுக்காக ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து முதலில் சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய கற்கள் பலவும் ஐந்தடுக்கு: சதுரம், அதன்மேல் உருண்டை, கூரை வடிவம், அரைவட்டம், உச்சியில் குமிழ். நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம். ஒவ்வொன்றிலும் சித்தம் எழுத்தில் ஓர் அட்சரம். நம் எழுத்துக்கும் மூலமான பிராமியின் வழிவந்த எழுத்து அது. வழிகாட்டி பாசி படிந்த ஒரு கல்லில் விரலால் ஐந்தையும் கீழிருந்து மேலாகத் தொட்டுக் காட்டினார். கோபியோ பாலத்தைத் தாண்டினால் படமெடுக்கக் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். இருபது பேரும் சொல்லாமலே கழற்றினோம்.

இப்படியொரு பயணத்துக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் நிறுவனத்திடம் விலையைக் கேட்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளூர் வழிகாட்டி உரிமம் பெற்றவரா, முழுப் பயணத்துக்கும் ஒரே ஆளா, ஊருக்கு ஊர் மாறுவாரா என்பது முதலாவது. நடுவில் ஆள் மாறினால் மறுநாள் காலை விடை என்பதே இல்லாமல் போய்விடும். மடத்தில் தங்கல் உண்டா, இரவு உணவு எங்கே, கடைகளுக்கு எத்தனை நிறுத்தம் என்பவை அடுத்து. ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் அங்கே தொடர் விடுமுறை, ஊரே கிளம்பியிருக்கும், அதைத் தவிர்க்கலாம். எங்கள் நிரலில் ஓசாகா கடைத்தெருவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாளைக் கோயா மலையில் இரண்டாம் இரவாக மாற்றித் தருகிற நிறுவனம் இருந்தால், கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிட்டு அவர்களோடு போகலாம்.